ஒற்றைக்காலில் ஒரு லிஃப்ட்காரன்

"நடுரோட்டுல ஒருத்தன் திடீர்னு பாட ஆரம்பிக்கிறான், சரி, அவனுக்கு என்ன கஷ்டமோ. அந்தப் பக்கமாப் போற தபால்காரனுக்கு அடுத்த ஸ்டெப் எப்படித் தெரியுது?"

அத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டு மூன்று வருஷம் இருக்கும். அவருடைய மச்சினி சின்னவளிடம் அன்றைக்கும் பதில் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் சுபாவம் அப்படி. ஒன்பதாவது படிக்கும்போது, எழுந்து நின்று பாடத்தை உரக்க வாசி என்று டீச்சர் சொன்னார். எழுந்து நின்றாள். மணி அடிக்கும்வரை நின்றாள். மறுநாளும் அதே டீச்சர், அதே பாடம், அதே நிற்றல். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. "காய்ச்சலா?" என்று அக்கா கேட்டாள். தலையை ஆட்டினாள். அந்தக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

அத்தான் ஒரு பழைய தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். டிக்கெட் கவுன்ட்டருக்கு ஆள் தேவைப்பட்டது. கவுன்ட்டர் என்றால் சுவரில் ஒரு ஓட்டை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு பல்பு. ஓட்டை வழியாக ஒரு கை வரும், பணத்தை வைக்கும். உள்ளேயிருந்து இன்னொரு கை டிக்கெட்டைக் கொடுக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சின்னவளுக்கென்றே கட்டிய மாதிரி இருந்தது. அந்த வட்டாரத்தில் அவளைத் தெரிந்தவர்கள் குறைவு, அவள் விரல்களைத் தெரிந்தவர்கள் ஏராளம். அவளுக்குப் பெயரே 'கை' என்றாகிவிட்டது.

வீடு தியேட்டரின் மாடியிலேயே. படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ரூமும் அக்காவின் சமையலறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சண்டைப் படம் ஓடினால் அலமாரியில் டம்ளர்கள் குதிக்கும். மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் கொடுத்து முடித்ததும் சின்னவள் மேலே வந்து, டிவியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்காருவாள். வேலைவெட்டி இல்லாதவர்களுக்கென்றே ஒரு சேனல் அந்த நேரத்தில் பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்களைப் போடும். கறுப்பு வெள்ளையாகவோ, இல்லாவிட்டால் மிட்டாய்க் கடை மாதிரி கலராகவோ இருக்கும்.

அந்தப் படங்களைப் பற்றி அவளுக்கு எந்தப் பிரமையும் கிடையாது. ஒரு பணக்காரப் பெண், ஒரு வெட்டிப் பயல். பார்த்ததும் ஆகாது. ஒரு தொப்பிக்காகச் சண்டை வரும். அவளுக்கு இன்னொருத்தனை நிச்சயம் பண்ணியிருப்பார்கள். அவனுடைய மெல்லிய மீசையைப் பார்த்தாலே இவனுக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்று தெரிந்துவிடும். ஓட்டலில் சாப்பிட உட்காருவார்கள், தட்டு வருவதற்குள் ஆட எழுந்துவிடுவார்கள். ஒரு வாய் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. பெண்கள் கூட்டமாக நீச்சல் குளத்தில் குதித்து வெளியே வருவார்கள், ஒருத்தி கொண்டையும் கலைந்திருக்காது. அழுகிற கதாநாயகிக்கு மூக்கு ஒழுகாது. வாத்தியக் கோஷ்டி எங்கேயோ சுவருக்குள் குடியிருக்கும், வாடகை கொடுக்கிற மாதிரியும் தெரியாது. பேசுவது இங்கிலீஷ். சின்னவளுக்கு அதில் பாதி புரியாது, அது பெரிய வசதி. புரிந்திருந்தால் அந்தக் கதைக்கு யாரால் உட்கார்ந்திருக்க முடியும்?

ஆனால் ஒரு இடம் வரும். அந்த ஆள் பேசிக்கொண்டே நடப்பான். நடையில் ஏதோ ஒன்று மாறும். வாய் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கும், கால் மட்டும் அந்தப் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருக்கும். அப்போது சின்னவள் டிவிக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்காருவாள். வாயில் வராததெல்லாம் காலில் வந்துவிடுகிறது அவனுக்கு. கொடுத்துவைத்தவன்.

அந்தப் படங்களிலும் ஒன்றுதான் அவள் உயிரை வாங்கியது. பெரிய ஓட்டலில் லிஃப்ட் இயக்குகிற ஒருவன். தங்கப் பொத்தான் வைத்த சிவப்புச் சட்டை. படத்தின் கடைசிக்கு முன்னால் லிஃப்ட் நின்றுபோகும். மேல்மாடியிலிருந்து அவன் படிக்கட்டில் ஆடிக்கொண்டே இறங்க ஆரம்பிப்பான். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் சேர்ந்துகொள்வார், பெருக்குகிற அம்மா, இடுப்பில் துண்டு கட்டிய தொந்திக்காரர், ஒரு போலீஸ்காரன். நடு மாடித் திருப்பத்தில் கைப்பிடிமேல் ஏறி ஒரு காலைத் தூக்குவான். முதல் தடவை பார்த்தபோது, தூக்கிய கால் இறங்குவதற்குள் தலைமுடித் தைலம் விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்தபோது கல்யாணமே முடிந்திருந்தது. இரண்டாம் தடவை அதே காலில் கரண்ட் போனது. மூன்றாம் தடவை அத்தான் உள்ளே வந்து, "நியூஸ் போடு" என்றார். அன்றைக்குத்தான் அந்தத் தபால்காரன் கேள்வியும் கேட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை சேனலில் போடவே இல்லை. மூன்று வருஷமாக அந்த லிஃப்ட்காரன் சின்னவளுக்குள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். அவன் எப்படிக் கீழே வந்தான் என்று பார்த்துவிட்டால் போதும், அவளுக்கு வேறு பெரிய ஆசைகள் கிடையாது.

இந்த நிலையில்தான் அந்தப் படப்பெட்டி வந்தது. அத்தான் ஒரு சண்டைப் படத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். "அது வேணும்னா இந்த மூணையும் சேர்த்து எடுத்துக்கோ" என்று விநியோகஸ்தர் மூன்று பழைய இங்கிலீஷ் படங்களைத் தலையில் கட்டிவிட்டார். பெட்டியோடு வந்த போஸ்டரில் தங்கப் பொத்தான் வைத்த சிவப்புச் சட்டைக்காரன் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான்.

"மிலிட்டரி படம்" என்று அத்தான் ஒரே பார்வையில் முடிவு செய்தார். வாசலில் 'அதிரடி ராணுவச் சித்திரம்' என்று போர்டு எழுதி வைத்தார்.

சின்னவள் போஸ்டரைப் பார்த்தாள். திரையில் சுவர் அகலத்துக்கு வரப்போகிறது அந்தப் படிக்கட்டு. விளம்பரம் கிடையாது. நியூஸ் கிடையாது.

ஆனால் கத்தரிக்கோல் உண்டு.

அத்தானின் தியேட்டருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பாட்டு வந்தால் வெட்டு. பாட்டு வந்தால் ஜனங்கள் எழுந்து வெளியே போவார்கள். போகிறவர்கள் உள்ளே இருக்கும் கேன்டீனுக்குப் போனாலும் பரவாயில்லை, எதிர்ச் சாரியில் இருக்கும் டீக்கடைக்குப் போவார்கள். அதனால் எந்தப் படம் வந்தாலும், அதைப் போடுகிற அன்று காலையில் ஆபரேட்டர் பாட்டையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, பிலிமை ஒட்டிவிடுவார். திருப்பி அனுப்பும்போது மறுபடி சேர்த்து ஒட்டி அனுப்புவார். மாடியில் கொடியில், அக்காவின் கிளிப்புகளை மாட்டி, வெட்டிய துண்டுகளைத் தொங்கவிட்டிருப்பார். பாவாடைக்கும் துண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு டூயட் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

அன்று காலை சின்னவள் ஆபரேட்டர் ரூம் வாசல்வரை போனாள். "இதை மட்டும் வெட்டாதீங்க அண்ணே." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. படி ஏறும்போதே நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றார் ஆபரேட்டர், வாயில் ஒரு துண்டு பிலிமைக் கவ்வியபடி.

தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். மறுபடியும் ஒன்பதாம் வகுப்பு.

மத்தியானக் காட்சிக்கு நல்ல கூட்டம். ராணுவப் படம் அல்லவா. கவுன்ட்டரை மூடிவிட்டு சின்னவள் மேலே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள், அதற்குள் கீழே கதவுகள் படார் படாரென்று திறந்தன. படம் முடிந்துவிட்டது.

பாட்டையும் ஆட்டத்தையும் வெட்டிய பிறகு அந்தப் படத்தில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: ஒருவன் லிஃப்டில் நிற்கிறான். ஒரு பெண் ஏறுகிறாள். அவன் தொப்பியை மிதிக்கிறாள். அவன் முறைக்கிறான். அவளுடைய அப்பா சுருட்டுப் பிடிக்கிறார். மீசைக்காரன் வருகிறான், போகிறான். லிஃப்ட் நிற்கிறது. கல்யாணம். சுபம்.

சின்னவள் கீழே ஓடிவந்து கவுன்ட்டரைத் திறந்ததும், ஓட்டைக்குள் ஒரு கை நுழைந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. காக்கிச் சட்டைக் கை. பஸ் கண்டக்டர், டியூட்டி முடிந்து நேராக வந்தவர்.

"ஏம்மா கை, நீயே சொல்லு. இவன் எந்த நாட்டு மிலிட்டரி? துப்பாக்கி எங்க? போகட்டும், அந்தப் பொண்ணுக்கும் இவனுக்கும் ஆகவே ஆகாது, நான் ஒரு தும்மல் தும்மி நிமிர்றேன், கல்யாணம் நடக்குது. எப்ப லவ் பண்ணாங்க?"

பின்னாலிருந்து இன்னொருவர், "நீங்க தும்மினப்பதான்" என்றார்.

"யோவ், சும்மா இரு. கையை விட மாட்டேன். ஓனரைக் கூப்பிடு."

ஓனர் வந்தார். அத்தான் பேசாமல் இருந்தால் தூங்குகிறார் என்று அர்த்தம், அவ்வளவு வாய். அன்றைக்கு அதுவும் போதவில்லை. கடைசியில், இதே டிக்கெட்டுக்கு சாயங்காலக் காட்சியில் முழுப் படமும் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் கண்டக்டர் கையை விட்டார். அத்தான் கவுன்ட்டருக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"முழுப் படம்னு சொல்லிட்டேன். முழுப் படம் எங்க போச்சு?"

"பாட்டுல" என்றாள் சின்னவள்.

"என்னது?"

"அவங்க பாட்டுலதான் லவ் பண்றாங்க அத்தான். ஆடும்போதுதான் சமாதானம் ஆவாங்க. பேசுறது சும்மா, அடுத்த பாட்டு வர்ற வரைக்கும்."

அத்தான் அவளையே பார்த்தார். சொன்ன விஷயத்துக்காக அல்ல. அவளுடைய வாயிலிருந்து இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து அவர் கேட்டதே இல்லை.

"அப்ப வெட்டினதை ஒட்டணும்" என்றார். "ஒட்டி, காட்டி, தலை முழுகிடலாம். நாளைக்குக் காலையில இந்தப் பெட்டி இங்க இருக்கக் கூடாது."

ஒரே ஒரு காட்சி. சின்னவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே படியேறினாள்.

மேலே வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் சுறுசுறுப்பானவர், காலையிலேயே மூன்று படங்களின் பாட்டுகளையும் வெட்டி வரிசையாகக் கொடியில் மாட்டிவிட்டிருந்தார். மழை தூறியது. அக்கா ஓடிவந்து துணியை எடுத்தாள். கிளிப்புகளையும் எடுத்தாள். பாட்டுகளை மொத்தமாக அழுக்குக் கூடையில் போட்டாள்.

"எது எந்தப் படத்துதுன்னு இப்ப எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஆபரேட்டர்.

"என் கிளிப்பை எடுத்தப்ப கேட்டீங்களா?" என்றாள் அக்கா. "மூணு பாட்டு என் ஈரப் புடவையில ஒட்டியிருந்துச்சு. நான் ஏதாவது சொன்னேனா?"

கூடைக்குள் பாம்புக் குட்டிகள் மாதிரி பிலிம் சுருண்டு கிடந்தது. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து பல்பு வெளிச்சத்தில் பிடித்தாள். கப்பல்காரர்களின் வெள்ளைத் தொப்பி. ஒரு பக்கம் வைத்தாள். அடுத்தது, வைக்கோல், மாடு. இன்னொரு பக்கம். சிவப்புச் சட்டை. மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆபரேட்டர் ஒட்ட ஆரம்பித்தார். ஒரு துண்டில் மட்டும் தகராறு. கதாநாயகியின் முகம் மட்டும் தெரிந்தது.

"இந்தப் பொண்ணுதான், இங்கதான்" என்றார் ஆபரேட்டர்.

"கொண்டை வேற மாதிரி இருக்கு அண்ணே."

"பொம்பளைங்க கொண்டையை மாத்தவே மாட்டாங்களா? குடும்மா."

ஒட்டிவிட்டார்.

சாயங்காலக் காட்சிக்கு வந்தவர்களோடு மத்தியானம் ஏமாந்தவர்களும் சேர்ந்து, அரங்கில் மூச்சு விட இடமில்லை. கவுன்ட்டரை மூடிவிட்டு சின்னவள் ஆபரேட்டர் ரூமின் சின்ன ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். முதல் பாட்டு வந்தபோது பழக்க தோஷத்தில் நாலைந்து பேர் எழுந்தார்கள். "உக்காருய்யா, இதுதான் கதையாம்" என்று கண்டக்டர் அதட்டினார். உட்கார்ந்தார்கள். ஓட்டல் அறையில் கதாநாயகி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், பாடத் தொடங்கினாள், காமிரா மெல்லப் பின்வாங்கியது, அவள் ஒரு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாடு எப்பய்யா லிஃப்ட்ல ஏறுச்சு?"

"நீங்க தும்மினப்பதான்."

சின்னவள் ஆபரேட்டரைத் திரும்பிப் பார்த்தாள். ஆபரேட்டர் மேற்கூரையைப் பார்த்தார்.

மாட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பணக்கார வீட்டுப் பெண், ஒரு மாடு வளர்க்கிறாள், வளர்த்துவிட்டுப் போகட்டும். படம் நீண்டுகொண்டே போனது. அடுத்த காட்சிக்கு வந்த கூட்டம் கேட்டுக்கு வெளியே சத்தம் போட ஆரம்பித்தது. உள்ளே, லிஃப்ட் நின்றது. சிவப்புச் சட்டைக்காரன் மேல்மாடிப் படியில் கால் வைத்தான்.

சின்னவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அவன் எவ்வளவு பெரியவனாக இருந்தான். டிவியில் அவன் காலில் செருப்பா ஷூவா என்றுகூடத் தெரியாது, இங்கே ஷூவின் மூக்கில் ஒரு கீறல் தெரிந்தது. பெருக்குகிற அம்மா சேர்ந்தாள். தொந்திக்காரர் துண்டை இறுக்கிக்கொண்டு சேர்ந்தார். போலீஸ்காரன் சேர்ந்தான். நடு மாடித் திருப்பம். கைப்பிடிமேல் ஏறினான். காலைத் தூக்கினான்.

பிலிம் அறுந்தது.

திரை வெள்ளையாக எரிந்தது. அரங்கில் ஒரே ஊளை. கதவு திறந்து அத்தான் மூச்சு வாங்க உள்ளே வந்தார், பின்னாலேயே டீ எடுத்துக்கொண்டு கேன்டீன்காரர், சத்தம் கேட்டு கையில் கரண்டியோடு அக்கா.

"நல்லதாப் போச்சு" என்றார் அத்தான். "வெளிய கூட்டம் கேட்டை உடைக்குது. இதை விடு. கடைசி ரீலைப் போட்டு, கல்யாணத்தைக் காட்டி, அனுப்பிவிடு."

ஆபரேட்டரின் கை கடைசி ரீலை நோக்கிப் போனது.

"கூடாது" என்றாள் சின்னவள்.

யார் பேசியது என்று கேன்டீன்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அவன் இறங்கணும்" என்றாள். "இறங்காம கல்யாணத்தைக் காட்டினா மறுபடி வந்து கேப்பாங்க. எப்ப கீழ வந்தான்னு கேப்பாங்க. அந்த ஓட்டையில கையை விட்டுக் கேப்பாங்க. அப்ப அங்க நான் உக்காந்திருக்க மாட்டேன் அத்தான். நீங்க உக்காருங்க. உங்க கையைக் குடுங்க."

"ஏய், என்ன நீ, சினிமா வசனம் பேசுற?"

"அவ சரியாத்தான் சொல்றா" என்றாள் அக்கா. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆபரேட்டர் அறுந்த ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், மற்ற முனை ஏற்கெனவே சின்னவள் கையில் இருந்தது. அவர் வலது கையை நீட்டியபோது அதில் பிளேடு இருந்தது, அவள்தான் வைத்திருந்தாள். விளக்கு போதவில்லை என்று அவர் நினைப்பதற்குள் கேன்டீன்காரர் டார்ச்சை அடித்தார். ஒட்டுவதற்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றபோது, அக்காவின் முந்தானையிலிருந்து இரண்டு துணிக் கிளிப்புகள் வந்து, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் கவ்வின. சின்னவள் குனிந்தாள், அவளுக்கு மேலாக ஆபரேட்டரின் கை போனது. ஆபரேட்டர் திரும்பினார், அக்கா நகர்ந்தாள், அக்கா நகர்ந்த இடத்தில் டார்ச் வந்து நின்றது. ஒருவரோடு ஒருவர் இடித்துக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன அறையில் நடுவில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் நகர்வதா அந்தப் பக்கம் நகர்வதா என்று தெரியாமல் எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டிருந்தவர் அத்தான் ஒருவர்தான்.

சின்னவள் பிலிமைப் புரொஜெக்டர் சக்கரத்தின் பற்களில் கோத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த ஸ்டெப் தெரிந்த அந்தத் தபால்காரன் நினைவுக்கு வந்தான். சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா. இதற்குப் போய் மூன்று வருஷம்.

"ஓட்டுங்க அண்ணே" என்றாள்.

தூக்கிய கால் இறங்கியது.

அவன் கைப்பிடியில் சறுக்கி வந்தான். தொந்திக்காரரின் துண்டு அவிழப் போனது, அவிழவில்லை. போலீஸ்காரன் தொப்பியை எறிந்தான், பெருக்குகிற அம்மா அதை விளக்குமாற்றால் பிடித்தாள். இன்னும் ஒரு மாடி, இன்னும் ஒன்று, ஆட்கள் பெருகிப் பெருகி படிக்கட்டே ஆடி இறங்குகிற மாதிரி இருந்தது. கீழே அரங்கில் ஊளை நின்றுபோயிருந்தது. கடைசிப் படி. இரண்டு காலும் தரையில்.

அப்போது அவனுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு தானாகத் திறந்தது. லிஃப்ட் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். தோளைக் குலுக்கினான். உள்ளே ஏறி, சல்யூட் அடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, மறுபடியும் மேல்மாடிக்கே போய்விட்டான்.

மூன்று வருஷம் ஒற்றைக்காலில் நின்றது இதற்குத்தான்.

சின்னவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அரங்கில் யாரோ விசில் அடித்தார்கள், கண்டக்டர்தான். "மிலிட்டரியாம், மிலிட்டரி" என்று கத்திவிட்டு மறுபடியும் அடித்தார். ஆபரேட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெட்டிய பாட்டில் ஒன்றைக்கூட அவர் இன்றைக்கு முன்னால் ஓட்டிப் பார்த்ததில்லை.

"இவ்வளவு தூரம் இறங்கினான், எதுக்கு?" என்றார் கேன்டீன்காரர்.

"சும்மா" என்றாள் சின்னவள். "சும்மாதான்."

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். இதற்கு அவர் ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டார். அத்தான் ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தார். அங்கே மூடிய லிஃப்ட் கதவுக்கு முன்னால் போலீஸ்காரனும் தொந்திக்காரரும் பெருக்குகிற அம்மாவும் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்கள். பிறகு சின்னவளைப் பார்த்தார். புடவையில் மறுபடியும் கிளிப்பைச் செருகிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கேட்டை யாரோ உலுக்குகிற சத்தம் வெளியேயிருந்து வந்தது. திறந்த வாயை மூடினார்.

அத்தான், கேன்டீன்காரர் கொண்டுவந்த டீயில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கதவைத் தாண்டி, கேட்டைப் பார்க்கப் படியிறங்கிப் போனார்.